உப்பும் உண்மையும்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் பாட்டிமார் வாக்கு. அடுக்களையில் உப்பு என்றால் ஒன்றுதான். வேதியியல் ஆய்வகத்திலோ உப்புகளுக்குக் கணக்கில்லை. துணி வெளுக்கும் சலவைச் சோடா ஓர் உப்பு. ஆப்ப மாவில் போடும் சோடா மற்றோர் உப்பு. கலங்கிய நீரைத் தெளிய வைக்கும் படிகாரம், கண்ணைப் பறிக்கும் நீல நிற மயில்துத்தம், பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் கையாளும் நவச்சாரம், வாணவெடிக்கு வேண்டிய வெடியுப்பு ஆகிய எல்லாமே உப்புகள்தாம். நேர்மின் சுமை கொண்ட அயனிகளும் எதிர்மின் சுமை கொண்ட அயனிகளும் சேர்ந்து உண்டானவை இவை. பெயர் எழுதாத பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்து, அதிலுள்ள நேரயனி எது, எதிரயனி எது என்று எளிய சோதனைகளால் கண்டுபிடிக்கச் செய்வதே உப்பாய்வு.

இந்த உப்பாய்வைப் பற்றி எங்களுக்கு ஒரு கருத்து உண்டு. அதை ஆண்டு மலரின் வாயிலாக எங்கள் தோழியர்க்கும், அருட்சகோதரிகளுக்கும், பெற்றோர்க்கும் பணிவுடன் சொல்ல விரும்புகிறோம். உப்பாய்வு வேதியியலைக் கற்பிப்பதற்கு முன் உண்மை சொல்லக் கற்பிக்க வந்த பாடம். ஆனால் மாணவியராகிய நாங்கள் அதைச் செய்யும் விதமோ, பல சமயங்களில் எங்களைப் பொய் எழுதப் பழக்கிவிடுகிறது. இது கடுமையான சொல்தான். எங்கள் மீதே நாங்கள் சாட்டிக்கொள்ளும் குற்றம் இது. ஆகையால் சொல்லத் துணிந்தோம்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். உப்பாய்வு மேல்நிலை வகுப்புகளுக்குரியது. ஆயினும் அறிவியல் மன்றத்தைச் சேர்ந்த பத்தாம் வகுப்பு மாணவியர்க்கு ஆபத்தில்லாத சில சோதனைகளைக் கற்றுத்தர எங்கள் வேதியியல் சிஸ்டர் இசைந்தார். சனிக்கிழமை காலை. நால்வர் நால்வராகப் பிரிந்து நின்றோம். ஒவ்வொரு குழுவுக்கும் எண் ஒட்டிய ஒரு சிறு பொட்டலம். எங்களுக்குக் கிடைத்தது நான்காம் எண். உள்ளே வெண்மையான பொடி.

ஆய்வகத்துக்குள் நுழையும் முன்பே அதன் பெயர் எங்களுக்குத் தெரியும்! முந்திய ஆண்டு அதே மன்றத்தில் இருந்த அக்கா ஒருவர், "நாலாம் நம்பர் வந்தால் கவலையே படாதீங்க. அது சிங்க் கார்பனேட்" என்று வராந்தாவிலேயே காதில் போட்டிருந்தார். பொடியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சில துளிகள் விட்டோம். நுரைத்துப் பொங்கியது. வெளிவந்த வாயுவைச் சுண்ணாம்பு நீரில் செலுத்தினோம். அது பால்போல் வெளுத்தது. கார்பனேட் என்பது உறுதியாயிற்று. அக்கா சொன்னது பலித்துவிட்டதென்று எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி.

அதன்பின் நாங்கள் செய்ததுதான் தவறு. சிங்க் கார்பனேட்டைச் சூடாக்கினால் அது சிங்க் ஆக்சைடாக மாறும். சூடாக இருக்கும்போது மஞ்சளாகவும் ஆறியபின் வெள்ளையாகவும் தோன்றும். இது புத்தகத்தில் உள்ளது. நாங்கள் சூடாக்கியபோது மஞ்சள் தோன்றவில்லை. "சூடு போதவில்லை போலும்" என்று ஒருத்தி சொன்னாள். "லேசாக மஞ்சள்தான்" என்றாள் இன்னொருத்தி. ஆகவே 'சூடாக இருக்கும்போது மஞ்சள், ஆறியபின் வெண்மை' என்று எழுதினோம். பொடியை அமிலத்தில் கரைத்துச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்தோம். வெண்ணிற வீழ்படிவு வந்தது. சிங்க் ஆனால், மேலும் சேர்க்கும்போது அந்த வீழ்படிவு கரைந்து தெளிய வேண்டும். எவ்வளவு சேர்த்தும் அது கரையவில்லை. நேரமும் ஆகிவிட்டது. 'அதிக அளவு காரத்தில் கரைகிறது' என்று அதையும் எழுதிவிட்டோம். முடிவு: சிங்க் கார்பனேட். குறிப்பேட்டில் கோடுகள் நேராக இருந்தன. கையெழுத்து அழகாக இருந்தது.

சிஸ்டர் அதைப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பொட்டலத்தில் மிச்சமிருந்த பொடியை ஒரு காய்ந்த சோதனைக்குழாயில் இட்டு, எங்கள் கண்முன்னே புன்சன் சுடரில் நன்றாகச் சூடாக்கினார். பொடி வெள்ளையாகவே இருந்தது. குழாயை எங்களிடம் நீட்டி, மெல்லிய குரலில் கேட்டார்: "இந்த மஞ்சளை யார் பார்த்தது, பிள்ளைகளே?"

நால்வரும் தலைகுனிந்தோம். ஏனெனில் நால்வரில் எவரும் பார்க்கவில்லை.

பக்கத்து மேசைக் குழுவுக்கும் அதே பொடிதான், வேறு எண்ணில். அவர்களுக்கு எந்த அக்காவும் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் எழுதியிருந்தது இவ்வளவே: 'எதிரயனி கார்பனேட். சூடாக்கினால் நிறமாற்றம் இல்லை. சோடியம் ஹைட்ராக்சைடுடன் வெண்ணிற வீழ்படிவு. அதிக அளவில் கரையவில்லை. ஆகவே சிங்க் அன்று, அலுமினியமும் அன்று. சுடரில் செங்கல் சிவப்பு இல்லை. ஆகவே கால்சியமும் அன்று. நேரயனி எதுவென்று எங்களால் சொல்ல முடியவில்லை.' சிஸ்டர் அந்தக் கரைசலில் அம்மோனியம் குளோரைடு, அம்மோனியா, டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் ஆகியவற்றைச் சேர்த்துக் குழாயின் உட்புறத்தைக் கண்ணாடிக் கோலால் தேய்த்தார். வெண்மையான படிகங்கள் இறங்கின. அது மெக்னீசியம். இந்த ஆண்டு எண்களை மாற்றிவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். 'சொல்ல முடியவில்லை' என்று முடித்த குழுவுக்கே அன்று முதல் மதிப்பெண். முடிவைத் துணிவாக எழுதிய எங்களுக்குக் கார்பனேட்டுக்கு உரிய மதிப்பெண் மட்டும் கிடைத்தது.

அன்று முதல் இந்தக் கேள்வி எங்களை விடவில்லை. நாங்கள் ஏன் அப்படிச் செய்தோம்? சோம்பலால் அன்று, சோதனைகளை எல்லாம் செய்துதான் பார்த்தோம். பயத்தால் என்பதே உண்மை. விடை தவறாகிவிடுமோ என்ற பயம் கண்முன் நின்ற வெள்ளையை மஞ்சளாக்கிவிட்டது.

உப்பாய்வின் அமைப்பைச் சற்று எண்ணிப் பார்த்தால், இப்படிப்பட்ட பயத்துக்கு அதில் இடமே இல்லை என்பது விளங்கும். குறிப்பேட்டில் மூன்று பத்திகள் உள்ளன: சோதனை, காண்பன, அறிவன. செய்தது முதல் பத்தியில். கண்ணால் கண்டது இரண்டாவதில். அதிலிருந்து ஊகித்தது மூன்றாவதில். மூன்றாம் பத்தி தவறலாம். தவறினால் அடுத்த சோதனை திருத்திவிடும். ஆனால் நடுப்பத்தி தவறலாகாது. அது பொய்த்தால் அதன்மேல் கட்டிய எல்லாமே பொய்த்துவிடும். நாங்கள் அன்று மூன்றாம் பத்தியை முதலில் நிரப்பிவிட்டு, அதற்குப் பொருந்துமாறு நடுப்பத்தியை எழுதினோம். வீட்டைக் கட்டிவிட்டு அஸ்திவாரம் தோண்டுவார் உண்டோ?

இந்தச் சோதனைகள் ஒவ்வொன்றுமே நம் அவசரத்தை அறிந்து வகுத்தவை போல இருக்கின்றன. ஓர் உப்பின் கரைசலில் வெள்ளி நைட்ரேட்டு சேர்த்தால் தயிர்போல் வெண்ணிற வீழ்படிவு வரும். உடனே குளோரைடு என்று சொல்லிவிடலாகாது. அது அம்மோனியாக் கரைசலில் கரைகிறதா என்றும் பார்க்க வேண்டும். பேரியம் குளோரைடுடன் வெண்ணிற வீழ்படிவு வந்தால் உடனே சல்பேட்டு ஆகிவிடாது. கார்பனேட்டும் அப்படியே வெண்ணிற வீழ்படிவு தரும். அமிலம் சேர்த்தபின்பும் அது கரையாமல் நிற்கிறதா என்று பார்த்தே சொல்ல வேண்டும். நைட்ரேட்டுக்குரிய பழுப்பு வளையச் சோதனையோ பொறுமையின் சோதனை. அப்போதே தயாரித்த பெரஸ் சல்பேட்டுக் கரைசலைச் சேர்த்து, அடர் கந்தக அமிலத்தைக் குழாயின் சுவர் வழியே மெல்ல மெல்ல இறக்கினால்தான், இரண்டு நீர்மங்களும் சந்திக்கும் இடத்தில் அந்த வளையம் தோன்றும். குழாயைக் குலுக்கியவளுக்கு வளையம் கிடையாது. இதைச் சிஸ்டர்தான் செய்து காட்டினார். அடர் அமிலத்தைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை.

சுடர்ச் சோதனையில் கண்ட பாடமும் மறக்க முடியாதது. பொட்டாசியம் உப்பு சுடருக்கு மெல்லிய ஊதா நிறம் தரும், பேரியம் ஆப்பிள் பச்சை, தாமிரம் நீலப்பச்சை, சோடியம் பொன் மஞ்சள். ஆனால் எங்கள் மேசையில் எந்த உப்பைக் காட்டினாலும் மஞ்சளே வந்தது! காரணம், விரலின் வியர்வையில் உள்ள உப்பு கம்பியில் ஒட்டியிருந்ததே. சோடியம் மிகமிகச் சிறிதளவு இருந்தாலும் தன் மஞ்சளால் மற்ற நிறங்களை மறைத்துவிடும். கோபால்ட் நீலக் கண்ணாடியைக் கண்முன் பிடித்தால் அந்த மஞ்சள் தடுக்கப்பட்டு, அதன் பின்னால் மறைந்திருந்த பொட்டாசியத்தின் ஊதா தெரியும். வராந்தாவில் காதில் விழுந்த 'சிங்க் கார்பனேட்' எங்களுக்கு அந்த மஞ்சளைப் போலவே ஆயிற்று என்பதைப் பின்னர் எண்ணிக்கொண்டோம்.

மற்றொரு குழுவினர் தம் உப்பில் குளோரைடு இருப்பதாக எழுதினர். சிஸ்டர் குழாய்த் தண்ணீரை மட்டும் ஒரு சோதனைக்குழாயில் எடுத்து வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்தார். அதுவும் வெளுத்துக் கலங்கியது. அவர்கள் வாலை வடிநீருக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரில் உப்பைக் கரைத்திருந்தனர். கண்ட குளோரைடு உப்பினுடையது அன்று, தண்ணீரினுடையது. ஆனால் அவர்கள் தவறும் எங்கள் தவறும் ஒன்றல்ல. அவர்கள் கண்டதை எழுதித் தவறினார்கள். நாங்கள் காணாததை எழுதித் தவறினோம். முன்னதைத் திருத்த ஒரு குழாய் வடிநீர் போதும். பின்னதைத் திருத்த மனம் வேண்டும்.

"பள்ளி ஆய்வகத்தில் ஒரு மஞ்சளைப் பொய்யாக எழுதியதற்கு இத்தனை பெரிய பேச்சா?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்காக வேறொரு மஞ்சளின் கதையைச் சொல்கிறோம். 1830களில் இங்கிலாந்தில், தன் பாட்டனாருக்குக் காப்பியில் ஆர்செனிக் நஞ்சு கலந்து கொன்றதாக ஓர் இளைஞன் மீது வழக்கு வந்தது. உல்லிச் படைக்கலச் சாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் மார்ஷ் என்ற வேதியியலார், ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்தி ஆர்செனிக்கின் மஞ்சள் வீழ்படிவைக் கண்டார். ஆனால் அது நீதிமன்றம் சேருமுன் கெட்டுவிட்டது. ஜூரிகளுக்குக் காட்ட மஞ்சள் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவன் விடுதலையானான். பின்னர் அவனே குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்பது வரலாறு. 'நான் பார்த்தேன், நம்புங்கள்' என்று மார்ஷ் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. பிறரும் தம் கண்ணால் காணக்கூடிய சோதனை ஒன்றைத் தேடி உழைத்தார். ஆர்செனிக் கலந்த பொருளைத் துத்தநாகத்துடனும் அமிலத்துடனும் சேர்த்தால் எழும் வாயுவை எரித்து, குளிர்ந்த பீங்கானில் கருநிறப் படிவாகக் காட்டும் முறையை 1836 இல் வெளியிட்டார். உண்மையை அறிந்தால் மட்டும் போதாது, அதைப் பிறருக்கும் காட்ட முடிய வேண்டும் என்பதே அவர் தந்த பாடம்.

அதே வேதியியல் நம் காலத்தில் ஏழைகளின் உயிரைக் காத்திருக்கிறது. நம் அண்டை நாடாகிய வங்காளதேசத்தில் குழாய்க் கிணற்று நீரில் இயற்கையாகவே ஆர்செனிக் கலந்திருப்பது 1990களில் தெரியவந்தது. நிறமோ மணமோ சுவையோ அந்த நஞ்சைக் காட்டிக்கொடுக்காது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பணியாளர்கள் சிறு பெட்டிகளில் சோதனைப் பொருள்களை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்தார்கள். நீரில் ஆர்செனிக் இருந்தால் எழும் வாயு, வேதிப்பொருள் தோய்ந்த ஒரு சிறு தாளை மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாற்றும். நஞ்சு மிகுந்த கிணற்றின் குழாய்க்குச் சிவப்புச் சாயம்; மற்றதற்குப் பச்சை. பச்சையைப் பார்த்துத்தான் ஒரு தாய் தன் குழந்தைக்குத் தண்ணீர் பிடிக்கிறாள். வெயிலில் களைத்துப்போன பணியாளர் ஒருவர், 'போன கிணறு நன்றாகத்தானே இருந்தது, இதுவும் அப்படித்தான் இருக்கும்' என்று பார்க்காமலே எழுதினால் என்ன ஆகும்? அன்று நாங்கள் குறிப்பேட்டில் செய்தது அதுவேயன்றோ? எங்கள் பொடியால் யாருக்கும் தீங்கில்லை. ஆனால் பழக்கம் ஒன்றுதான்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு மேரி கியூரி அம்மையார். உப்பாய்வில் அயனிகளைக் குழுகுழுவாகப் பிரிக்கும் அதே முறையைத்தான் அவர் பிட்ச்பிளெண்டு என்ற கனிமத்தில் கையாண்டார். பிரித்தபோது பிஸ்மத் இருக்கும் பகுதியிலும், பேரியம் இருக்கும் பகுதியிலும் எதிர்பாராத அளவுக்குக் கதிரியக்கம் தென்பட்டது. பிஸ்மத்துக்கும் பேரியத்துக்கும் அப்படி இருக்கக் கூடாது என்பது புத்தகக் கணக்கு. 'கருவி கெட்டிருக்கும்' என்று அவரும் கணவரும் அதைத் தள்ளிவிட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். கண்டதைக் கண்டபடியே எழுதினார்கள். அதனால் 1898 ஆம் ஆண்டில் பொலோனியம், ரேடியம் என்ற இரு தனிமங்களை உலகம் அறிந்தது. பின்பு டன் கணக்கான கனிமக் கழிவை ஒழுகும் கொட்டகையில் காய்ச்சிக் காய்ச்சி, 1902 இல் அவர் பிரித்தெடுத்த ரேடியம் குளோரைடு ஏறத்தாழ 0.1 கிராம்! 1911 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. புத்தகத்துக்குப் பொருந்தாத காட்சியை மறைக்காதவர்க்கே புதிய உண்மை கிட்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

கன்னியர் மடத்துப் பள்ளியில் ஆய்வகத்தைப் பற்றி இத்தனை பெருமையா என்று எவரும் வியக்க வேண்டியதில்லை. இயற்கை அறிவியலாரின் பாதுகாவலராகத் திருச்சபை 1941 இல் அறிவித்த புனித பெரிய ஆல்பர்ட், புனித தோமாஸ் அக்குவினாசுக்கு ஆசானாக இருந்தவர். செடிகளையும் கனிமங்களையும் தாமே நேரில் கண்டு ஆராய்வதைப் பெரிதாக மதித்தவர். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆட்ரியன் நகரில் டொமினிக்கன் சபைக் கன்னியராக வாழ்ந்த சிஸ்டர் மிரியம் மைக்கேல் ஸ்டிம்சன் (1913–2002) பொட்டாசியம் புரோமைடு என்ற எளிய உப்பைக் கண்ணாடிபோன்ற வில்லையாக அழுத்தி, அதன் துணையால் டி.என்.ஏ.வின் பகுதிப் பொருள்களை அகச்சிவப்புக் கதிர்களால் ஆராய்ந்தார். செபமாலை உருட்டிய கையே சோதனைக்குழாயையும் பிடித்தது. இரண்டிலும் தேடியது உண்மை ஒன்றையே.

நம் மொழியில் 'சோதனை' என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்! ஆய்வகத்தில் செய்வதும் சோதனை. இரவில் படுக்குமுன் அன்றைய செயல்களை எண்ணிப் பார்ப்பது ஆத்தும சோதனை. கர்த்தர் கற்பித்த செபத்தில் நாம் அஞ்சி விலகி நிற்பதும் சோதனையே. அன்று சனிக்கிழமை எங்களுக்கு இம்மூன்றும் ஒரே மேசையில் நேர்ந்தன. முதல் சோதனையைச் செய்துகொண்டிருந்தபோதே மூன்றாவதில் விழுந்தோம். சிஸ்டரின் கேள்வியால் இரண்டாவதற்கு வந்து சேர்ந்தோம்.

குற்றத்தை ஒப்புக்கொண்டதோடு நின்றுவிட்டால் பயனில்லை. ஆகவே சில விண்ணப்பங்களையும் முன்வைக்கிறோம்.

முதலாவது, தெரியாத உப்பு உண்மையிலேயே தெரியாததாக இருக்க வேண்டும். எண்களை ஆண்டுதோறும், முடிந்தால் வாரந்தோறும் மாற்றிவிடலாம். அக்காமாருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் அன்பினால்தான் சொல்லித் தருகிறீர்கள். ஆனால் விடுகதையின் விடையை முதலிலேயே சொல்லிவிட்டால் கேட்பவளுக்கு என்ன மிஞ்சும்? உதவ விரும்பினால், சோதனைக்குழாயை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது, சுடரில் எப்படி அசைத்துக் காட்டுவது என்று சொல்லித் தாருங்கள்.

இரண்டாவது, 'காண்பன' பத்தியை ஆய்வகத்திலேயே, அந்த நிமிடத்திலேயே எழுதிவிட வேண்டும். வீட்டுக்குப் போய் அழகாக எழுதும் ரெக்கார்டு நோட்டுக்கு அது ஆதாரமாக இருக்கட்டும். கறை படிந்த, அடித்துத் திருத்திய தாளாக இருந்தாலும் அதுவே மெய்யான குறிப்பு. அதையும் சிஸ்டர் பார்த்துக் கையொப்பமிடலாம்.

மூன்றாவது, 'தெரியவில்லை' என்ற விடைக்கும் மதிப்பு வேண்டும். எங்கள் சிஸ்டர் அன்று அதைச் செய்து காட்டினார். எல்லாத் தேர்வுகளிலும் இது நடவாது என்பதை அறிவோம். பள்ளி அளவிலாவது, கண்டதைச் சரியாக எழுதியவளுக்கு முடிவு தவறினாலும் பெரும்பகுதி மதிப்பெண் கிடைக்குமென்றால், பொய் எழுத எவளுக்கும் தேவை இராது.

நான்காவது, பத்தாம் வகுப்பினர் அனைவருக்கும் வாரம் ஒரு மணி நேரமாவது இத்தகைய எளிய சோதனைகள் வேண்டும். மன்றத்தில் சேர்ந்த சிலருக்கு மட்டும் என்று நின்றுவிடலாகாது. "அமிலம், நெருப்பு, சின்னப் பிள்ளைகள்" என்று பெற்றோர் அஞ்சுவது நியாயமே. அதற்கும் வழி உண்டு. நீர்த்த அமிலம் மட்டும் போதும். அதுவும் துளிக் கணக்கில். நச்சுத்தன்மை உள்ள ஈய உப்புகளும் குரோமேட்டுகளும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவும் எங்கள் வகுப்புக்கு வேண்டாம். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி, பின்னி முடித்த கூந்தல், நிறுத்திய பேச்சு ஆகிய மூன்றும் இருந்தால், எண்ணெய் காயும் அடுக்களையை விட ஆய்வகம் ஆபத்தானதன்று. கார்பனேட், குளோரைடு, சல்பேட்டு, அம்மோனியம், தாமிரம், இரும்பு ஆகிய ஆறையும் கண்டுபிடிக்கும் சோதனைகள் கற்றாலே, மேல்நிலை வகுப்பில் அட்டவணை கண்டு மலைக்க வேண்டியதில்லை.

"பொதுத்தேர்வு ஆண்டில் இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்பது அடுத்த கேள்வி. வீழ்படிவு என்ற சொல்லை ஐம்பது முறை மனப்பாடம் செய்தோம். தெளிந்த இரு கரைசல்கள் கலந்ததும் பால்போல் திரண்டு இறங்குவதை ஒரு முறை கண்டபின் அச்சொல் மறக்கவே இல்லை. நீல நிறத் தாமிரக் கரைசலில் அம்மோனியாவைச் சேர்த்ததும் முதலில் வெளிர்நீல வீழ்படிவு வந்தது. மேலும் சேர்த்ததும் அது கரைந்து அடர்நீலமாகியது. அதைக் கண்டு வகுப்பே 'ஆ' என்றது. அந்த 'ஆ' எந்தக் கையேட்டிலும் இல்லை. ஆகவே அந்த ஒரு மணி நேரம் வீணாகாது என்று உறுதியாகச் சொல்வோம்.

பெற்றோர்களாகிய உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். நாங்கள் வீடு திரும்பியதும் "எத்தனை மார்க்கு?" என்றே கேட்கிறீர்கள். அது உங்கள் அக்கறை என்பதை அறியாதவர்கள் அல்லோம். எங்களுக்காக நீங்கள் படும் பாடும் எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்தே சில சமயங்களில் வெள்ளையை மஞ்சள் என்று எழுதுகிறோம். வாரத்தில் ஒரு நாளாவது "இன்றைக்கு என்ன பார்த்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல எங்களிடம் நிறைய இருக்கும்.

ஆண்டவர் தம் சீடர்களை உப்புக்கு ஒப்பிட்டார். சாரமற்றுப் போகும் உப்பைப் பற்றி அவர் எச்சரித்ததையும் நாம் மறைக்கல்வி வகுப்பில் கற்றிருக்கிறோம். உப்பு தன் இயல்பை மறைப்பதில்லை. எத்தனை முறை கேட்டாலும், எவர் கேட்டாலும், அதே விடையைத்தான் சொல்கிறது. மெக்னீசியத்தைச் சிங்க் என்று எழுதியதால் அது சிங்க் ஆகிவிடவில்லை. பொய் நம் குறிப்பேட்டில் இருந்ததே தவிரச் சோதனைக்குழாயில் இல்லை.

அடுத்த சனிக்கிழமை சிஸ்டர் எங்களுக்கு மறுபடியும் ஒரு பொட்டலம் தந்தார். இம்முறை எண்கூட இல்லை. ஒரு மணி நேரம் போராடினோம். எதிரயனியைக் கண்டோம். நேரயனி கடைசி வரை பிடிபடவில்லை. 'சொல்ல முடியவில்லை' என்று எழுதி, நால்வரும் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். எங்கள் குறிப்பேட்டில் இருப்பவற்றுள் நாங்கள் வெட்கமின்றிக் காட்டக்கூடிய முதல் பக்கம் அதுவே.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு